அயலார் கண்ட அண்ணாமலை

நுழையும்முன்

பயணம் செய்வோர் பலர். பயணத்தை எழுதுவோர் சிலர். எழுதப்பட்ட பயணம் ஒவ்வொன்றும் சென்ற ஊரைப் பற்றிச் சொல்வதோடு, சென்றவரைப் பற்றியும் சொல்கிறது. இருபதாம் நூற்றாண்டில் தொலைநாடுகளிலிருந்து வந்த எழுத்தாளர்களும் துறவிகளும் பயணிகளும் வடதமிழகத்தின் கோயில் நகரமாகிய திருவண்ணாமலையைக் கண்டு தத்தம் மொழிகளில் எழுதினர். ஒரே மலை, ஒரே ஊர். எனினும் அவர்கள் கண்டவை வேறு வேறு. ஏன் அவ்வாறு வேறுபட்டன? அவர்களது எழுத்தை இன்று நாம் எவ்வாறு படிக்க வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேட முயல்கிறது இக்கட்டுரை.

வழி சொன்ன நிலம்

திருவண்ணாமலையைச் சூழ்ந்த நிலப்பகுதிக்குப் பயணிகள் புதியவர்கள் அல்லர். பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இந்நிலத்தின் மலைகளையும் காடுகளையும் சிற்றூர்களையும் சேயாற்றையும் கடந்து செல்லும் ஒரு நெடுவழியைப் பாடுகிறது. 583 அடிகள் கொண்ட இந்நூலை இயற்றியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தர், வழியில் எதிர்ப்படும் வறிய கூத்தரை அவனிடம் செல்லுமாறு ஆற்றுப்படுத்துவதால் கூத்தராற்றுப்படை எனவும் இது பெயர் பெற்றது. நன்னனது செங்கண்மா, திருவண்ணாமலை மாவட்டத்தின் இன்றைய செங்கம்.

இந்நூல் கூறும் வழித்துணைச் செய்திகள் நுட்பமானவை. எந்த இடத்தில் பாறை வழுக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கே பாயும், இரவை எங்கே கழிப்பது, எந்தச் சிற்றூரில் எத்தகைய உணவு கிடைக்கும் என ஒவ்வொன்றாக அது எடுத்துரைக்கிறது. வழியிலுள்ள குடியிருப்புகளுக்குள் அயலாரைப் போலத் தயங்காமல், உறவினரைப் போல உரிமையோடு செல்லலாம் என்றும் சொல்கிறது. வழி கூறுபவர் அவ்வழியில் நடந்து வந்தவர்; கேட்பவர் நடக்கப் போகிறவர். எனவே அச்சொற்கள் பயன்படும் சொற்களாக அமைந்தன. அடுத்து வருபவருக்குப் பயன்படுவதும், வழியில் வாழும் மக்களை மதிப்பதும் நல்ல பயண எழுத்தின் இலக்கணம் எனலாம். அயலார் எழுத்தை அளப்பதற்கு இவ்விலக்கணமே நமக்கு அளவுகோல்.

ஊரும் மலையும்

அண்ணாமலை 2668 அடி உயரமுடையது. மலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும். மலையின் கீழ்த்திசை அடிவாரத்தில் அருணாசலேசுவரர் கோயில் ஏறத்தாழ 25 ஏக்கரில் பரந்து, ஒன்பது கோபுரங்களோடு விளங்குகிறது. பதினொரு நிலைகளுடன் 217 அடி உயரும் கிழக்குக் கோபுரம், விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கப்பெற்றுத் தஞ்சை நாயக்கர் காலத்தில் நிறைவெய்தியது.

திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். ஊர்தோறும் நடந்து பாடிய அவர்களும் பயணிகளே. முழுநிலா நாளில் மலையை வலம் வருவோரும், கார்த்திகைத் தீபத்திற்கு வந்து கூடுவோரும் எனத் திருவண்ணாமலை நெடுங்காலமாகவே வருவோரை எதிர்பார்த்து வாழும் ஊராக இருந்து வந்துள்ளது. சத்திரம், சாவடி, குளம், பூக்கடை, உணவுக்கடை ஆகிய அனைத்தும் வழிப்போக்கரை ஒட்டி வளர்ந்தவை. வெளிநாட்டினர் இங்கு வந்தபோது, விருந்தினரை ஏற்றுப் பழகிய ஓர் ஊருக்குள்தான் நுழைந்தனர்.

ஆனால் முதலில் வந்த ஐரோப்பியருள் பலர் விருந்தினராக வரவில்லை. செங்கம் கணவாயையும் கிழக்குக் கடற்கரைச் சமவெளியையும் இணைக்கும் வழியில் அமைந்திருந்ததால், பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் இவ்வூர் பலமுறை சிக்கியது. 1767 செப்டம்பரில், முதலாம் ஆங்கிலேய மைசூர்ப் போரின்போது, கர்னல் ஸ்மித் தலைமையிலான ஆங்கிலேயப் படை ஐதர் அலி, ஐதராபாத் நிசாம் ஆகியோரின் கூட்டுப்படையோடு இங்கே மோதியது. ஆங்கிலேயரின் பழைய ஏடுகளில் ஊரின் பெயர் ‘திரினோமலி’ எனச் சிதைந்து காணப்படுகிறது. படைவீரனுக்கு மலை ஓர் அரண். கோயில் மதில் ஒரு கோட்டைச் சுவர். காண்பவரின் நோக்கமே காட்சியை வரைகிறது என்பதற்கு இது முதற்சான்று.

அழைத்து வந்தவர்கள்

ஊரைப் பார்க்க வந்த பயணிகளின் வரிசை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாயிற்று. அதற்குக் காரணமாக அமைந்தவர் இரமண மகரிசி. 1879இல் திருச்சுழியில் பிறந்த அவர், 1896 செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை வந்தடைந்தார். 1950இல் மறையும்வரை இவ்வூரை விட்டு நீங்கவில்லை. மலையிலுள்ள விரூபாட்ச குகையிலும் கந்தாசிரமத்திலும் வாழ்ந்த பின்னர், 1922 முதல் தென்புற அடிவாரத்தில் தங்கினார். அவ்விடமே இரமணாசிரமமாக வளர்ந்தது.

1911இல் வேலூரில் காவல்துறைப் பயிற்சி பெற்று வந்த ஹம்ப்ரீஸ் என்ற ஆங்கில இளைஞர் மலைமேல் ஏறி அவரைக் கண்டார். ஹம்ப்ரீசுக்குத் தெலுங்கு கற்பித்த முன்ஷியே அவருக்கு வழிகாட்டி. தாம் கண்டதை அவர் கடிதங்களாக எழுத, அவை இலண்டன் இதழொன்றில் வெளிவந்தன.

இருபது ஆண்டுகள் கழித்து, 1931இல், இலண்டன் இதழாளர் பால் பிரண்டன் வந்தார். அவரும் தாமாக இவ்வூரைக் கண்டுபிடிக்கவில்லை. சென்னையில் அறிமுகமான எழுத்தாளர் கா.சீ. வேங்கடரமணி, செங்கற்பட்டில் தங்கியிருந்த காஞ்சி சங்கராச்சாரியாரிடம் அவரை அழைத்துச் சென்றார். அங்கே கிடைத்த குறிப்பும், உடன்வந்த தமிழ் அன்பர் ஒருவரின் துணையும் பிரண்டனைத் திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்து சேர்த்தன. 1934இல் வெளியான அவரது ‘இரகசிய இந்தியாவில் ஒரு தேடல்’ என்னும் ஆங்கில நூல் இவ்வூரின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது. பின்னாளில் வந்த பலர் அந்நூலைப் படித்துவிட்டே கப்பலேறினர்.

நூலின் தலைப்பிலுள்ள ‘இரகசிய’ என்னும் சொல்லை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். யாருக்கு இரகசியம்? பிரண்டன் வருவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே ஊர்மக்கள் இரமணரை அறிந்திருந்தனர். 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட வினாக்களுக்கு அவர் தந்த விடைகள் ‘நான் யார்?’ என்னும் தமிழ் நூலாக 1923இல் வெளிவந்துவிட்டன. 1928இல் ‘உள்ளது நாற்பது’ இயற்றப்பட்டுவிட்டது. தமிழில் படிப்பவருக்கு எவ்வித மறைவும் இல்லாத ஒன்று, ஆங்கிலத்தில் மட்டும் படிப்பவருக்கு இரகசியமாயிற்று. முதல் உலகப்போரின் அழிவைக் கண்டு, பழைய நம்பிக்கைகள் தளர்ந்து, புதிய ஆறுதல் தேடிய ஐரோப்பிய வாசகருக்கு அச்சொல் ஈர்ப்புடையதாக இருந்தது. தலைப்பு ஊரின் இயல்பைக் காட்டிலும் வாசகரின் வேட்கையையே காட்டுகிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஹம்ப்ரீசுக்கு ஒரு மொழி ஆசிரியர். பிரண்டனுக்கு ஓர் எழுத்தாளரும் ஓர் அன்பரும். வெளியூரார் ஒவ்வொருவர் பின்னாலும் வழிகாட்டிய உள்ளூரார் ஒருவர் இருக்கிறார். ஆற்றுப்படை இலக்கியத்தில் வழிகாட்டுபவரே பேசுகிறார். நவீனப் பயண நூலிலோ வழிகாட்டப்பட்டவர் பேசுகிறார். வழிகாட்டியவர் சில பக்கங்களுக்குப் பின் மறைந்துவிடுகிறார்.

சில மணி நேரக் காட்சி

1938இல் ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்தார். சென்னையிலிருந்து மோட்டார் வண்டியில் வந்து சில மணி நேரமே ஆசிரமத்தில் இருந்தார். இரமணரைக் காண்பதற்குமுன் அவர் மயங்கி விழுந்தார். செய்தியறிந்த இரமணர் அவர் கிடந்த அறைக்கே வந்து சற்று நேரம் அமைதியாக அமர்ந்திருந்தார். மாம் தெளிந்தெழுந்து, பின்னர் விடைபெற்றுச் சென்றார்.

நடந்தது இவ்வளவே. ஆனால் அது இரண்டு கதைகளாக வளர்ந்தது. மாம் ஆழ்ந்த தியான நிலையை அடைந்தார் எனச் செய்தி பரவியது. மாம் தாமே இதனை மறுத்தார். இத்தகைய மயக்கம் தமக்கு முன்பும் நேர்ந்ததுண்டு எனத் தம் கட்டுரையில் அவர் எழுதினார். அக்கட்டுரை நூலில் வெளிவந்த ஆண்டு 1958. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. ஒரு நிகழ்ச்சி எழுத்தாவதற்குள் நினைவும் எதிர்பார்ப்பும் வதந்தியும் அதன்மேல் படிவதை இது நன்கு விளக்குகிறது.

மாம் 1944இல் வெளியிட்ட ‘கத்தியின் கூர்முனை’ எனப் பொருள்படும் தலைப்புடைய நாவலில் இந்திய ஞானி ஒருவர் வருகிறார். அப்பாத்திரத்திற்கு இரமணரே தூண்டுதலாக அமைந்தார் என்பர். ஆனால் நாவலில் அந்த ஆசிரமம் திருவிதாங்கூரில் இருக்கிறது. அண்ணாமலை அங்கே இல்லை. புனைவுக்கு அவ்வுரிமை உண்டு. எனினும், சில மணி நேரம் மட்டும் கண்ட ஊரை எவ்வளவு எளிதாகக் கழற்றி வேறிடத்தில் பொருத்திவிட முடிகிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கலாம். மனிதர் நினைவில் நின்றார், ஊர் நிற்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

பயண நூல் ஒன்றைப் படிக்கும்போது நான்கு வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம்:

1. எழுதியவர் அவ்வூரில் எவ்வளவு காலம் தங்கினார்?
2. ஊர்மக்களோடு எந்த மொழியில் பேசினார்?
3. அவரை அழைத்துச் சென்றவர் யார்?
4. யார் படிப்பதற்காக அவர் எழுதினார்?

தங்கி வாழ்ந்தவர்கள்

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் 1903இல் பிறந்த எல்லா மையார் உலகறிந்த பயணி. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் கலந்துகொண்டவர். 1935இல் பீக்கிங் நகரிலிருந்து நடு ஆசியாவின் வறண்ட நிலங்களைக் கடந்து காசுமீர் வரை பயணம் செய்தவர். 1939இல் ஜெனீவாவிலிருந்து ஆப்கானித்தானம் வரை மோட்டார் வண்டியில் சென்றவர். இரண்டாம் உலகப்போர் மூண்டதும் இந்தியா வந்த அவர், 1940 முதல் 1945 வரையான காலத்தைப் பெரிதும் தென்னிந்தியாவில் கழித்தார். அக்காலத்தில் திருவண்ணாமலை அவரது வாழிடமாயிற்று.

பாலைவனங்களையும் பனிமலைகளையும் கடந்த அப்பெண்மணி இங்கிருந்த நாள்களைப் பற்றி எழுதிய நூலின் நாயகி ஒரு பூனை. ‘டீ-புஸ்’ என்று அவர் அழைத்த அப்பூனையோடு வாழ்ந்த வாழ்வை 1951இல் நூலாக வெளியிட்டார். புகழ்பெற்ற பயணியின் நூலில் பூனை ஏன் இவ்வளவு இடம்பெறுகிறது? விடை எளிது. ஒருநாள் தங்குபவர் கோபுரத்தைப் பார்ப்பார். ஓராண்டு தங்குபவர் பாலுக்கும் பூனைக்கும் அண்டைவீட்டாருக்கும் இடையில் வாழ்வார். அந்நிலையில் ஊர் காட்சிப்பொருளாக இராது, அன்றாடமாகிவிடும். நெடுந்தொலைவு ஓடிக் களைத்த பயணி ஓரிடத்தில் நிலைத்திருக்கக் கற்றதை அந்நூல் சொல்கிறது.

பிரான்சு நாட்டுப் பெனடிக்டின் துறவி ஹென்றி லெ சோ 1948இல் தமிழகம் வந்தார். அருட்தந்தை மொன்ஷானினோடு சேர்ந்து, குளித்தலை அருகே காவிரிக்கரைத் தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் சாந்திவனம் என்னும் ஆசிரமத்தை நிறுவினார். அபிஷிக்தானந்தர் என்னும் பெயர் பூண்டார். 1949இல் முதன்முறை திருவண்ணாமலைக்கு வந்த அவர், 1950களில் மீண்டும் மீண்டும் வந்து மலைக்குகைகளில் தங்கினார். அவர் தமிழ் கற்றவர். கற்ற மொழி ஊரின் கதவுகளைத் திறந்தது. தம் கிறித்தவ நெறியைக் கைவிடாமலேயே, வேறொரு மரபின் உள்ளே நின்று அதனைப் புரிந்துகொள்ள அவர் பெருமுயற்சி மேற்கொண்டார். அம்முயற்சியின் மகிழ்ச்சியையும் உள்ளப் போராட்டத்தையும் அண்ணாமலை நினைவுகளாக அவர் பதிவு செய்துள்ளார்.

ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெசான் தங்கியது சில நாள்களே. எனினும் அந்நாள்கள் இரமணரின் இறுதி நாள்களாக அமைந்தன. 1950 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு இரமணர் மறைந்த வேளையில் வானில் ஓர் எரிநட்சத்திரம் சென்றதைத் தாம் கண்டதாக அவர் குறிப்பிட்டார். ஊரார் பலரும் அதனைக் கண்டதாகக் கூறினர். வெளியூராரின் கண்ணும் உள்ளூராரின் கண்ணும் ஒரே வானை ஒன்றாக நோக்கிய நேரம் அது.

ஊரே வீடானபோது

பயணியாக வராமல் புகலிடம் தேடி வந்தவர்களும் உண்டு. ஆங்கிலேயரான ஆர்தர் ஆஸ்பர்ன் பாங்காக்கின் சுலாலாங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார். போர்க்காலத்தில் அவருடைய மனைவியும் குழந்தைகளும் திருவண்ணாமலையில் தங்கியிருக்க, அவர் பாங்காக்கில் சப்பானியரால் சிறைப்படுத்தப்பட்டார். 1945இல் விடுதலை பெற்ற பின்னரே குடும்பத்தோடு சேர்ந்தார். இரமணரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய அவர், 1964இல் ‘மலைப்பாதை’ எனப் பொருள்படும் பெயரில் ஆங்கில இதழொன்றை இங்கிருந்து தொடங்கினார்.

அவர் மகன் ஆடம் ஆஸ்பர்ன். 1939இல் பாங்காக்கில் பிறந்த அவர் சிறுவயதில் இவ்வூரில் வளர்ந்தார். பின்னாளில் அமெரிக்காவில் கணினித்துறையில் ஈடுபட்டு, 1981இல் ‘ஆஸ்பர்ன் 1’ என்னும் கணினியை வெளியிட்டார். கையில் தூக்கிச் செல்லத்தக்கதாக உருவாகி, வணிக வெற்றி பெற்ற முதல் கணினி அதுவே. இறுதிக்காலத்தில் தமிழ்நாட்டிற்குத் திரும்பிய அவர் 2003இல் கொடைக்கானலில் காலமானார். பால் பிரண்டனுக்கு இரகசியமாகத் தோன்றிய ஊர், இச்சிறுவனுக்கு விளையாடும் இடம். ஊர் ஒன்றே, வந்த வயதும் இருந்த காலமும் வேறு.

ஏடுகளில் இடம்பெறாதவை

அயலார் நூல்கள் பெரும்பாலும் மலை, குகை, ஆசிரமம், கோயில் ஆகிய நான்கைச் சுற்றியே அமைகின்றன. அவர்கள் தேடி வந்தவை அவையே என்பதால் அதனைக் குறையாகக் கூற இயலாது. ஆனால் அந்நான்கினுள் ஊர் முழுவதும் அடங்கிவிடாது.

கார்த்திகைத் தீபத்தைக் கருதுவோம். மலையுச்சியில் சுடர் தோன்றும் கணத்தைப் பலரும் வருணித்துள்ளனர். அச்சுடருக்குப் பின்னே நிற்கும் உழைப்பு அத்துணை எழுதப்படவில்லை. தீபம் ஏற்றும் உரிமையை மரபாகப் பெற்றவர்கள் பர்வதராஜ குலத்தினர். பெரிய கொப்பரை மலைமேல் சுமந்து செல்லப்படுகிறது. ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும், திரியாகத் திரிக்கப்படும் காடாத் துணியும் செங்குத்தான பாதையில் மனிதத் தோள்களிலேயே ஏறுகின்றன. பதினொரு நாள் அச்சுடர் அணையாமல் காக்கப்படுகிறது. கீழிருந்து காண்பவருக்கு அது ஒரு கணம். சுமப்பவருக்கு அது பல நாள் உழைப்பு.

சுற்றுப்புறத்தையும் கருதுவோம். மழையை நோக்கி விதைக்கப்படும் மணிலாக் கொல்லைகள், ஆரணியின் பட்டுத் தறிகள், வந்தவாசியின் கோரைப்பாய், சவ்வாது மலையில் வாழும் பழங்குடியினரின் சிறுதானியச் சாகுபடி, செங்கம் பகுதியின் நடுகற்கள், தென்பெண்ணையின் குறுக்கே எழுந்த சாத்தனூர் அணை ஆகியவை சேர்ந்ததே இம்மாவட்டம். அமைதி தேடி வந்தவர் காதில் இவற்றின் ஓசை குறைவாகவே விழுந்தது.

மலையும் அசையாத ஓவியம் அன்று. 2024 டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் கொணர்ந்த பெருமழையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். தொலைவிலிருந்து வருபவருக்கு மலை தரிசனம். அதன் சரிவை ஒட்டி வாழும் குடும்பத்திற்கு அது கூரைக்கு மேலுள்ள சுமையும் ஆகும். ஓர் ஊரை அழகென்று மட்டும் எழுதினால், அங்கு வாழ்பவரின் அச்சமும் பாதுகாப்பும் எழுத்திலிருந்து நழுவிவிடும். எழுத்தில் இல்லாதவை காலப்போக்கில் எண்ணத்திலும் இல்லாமற்போகும்.

இன்றைய வருகையும் பொறுப்பும்

இன்று ஆண்டுதோறும், சிறப்பாகக் குளிர்காலத்தில், பல நாட்டினர் இங்கு வருகின்றனர். இரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் அவர்களுக்கான விடுதிகளும் உணவகங்களும் புத்தகக் கடைகளும் பெருகியுள்ளன. வாடகை வீடு தருவோர், தானி ஓட்டுநர், கைவினைப்பொருள் விற்போர் எனப் பலருக்கு இதனால் வருவாய் கிடைக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. வருவோர் பெருகும் ஊரில் நிலத்தின் விலையும் வாடகையும் ஏறும். குடிநீரும் குப்பையும் சிக்கலாகும். அவற்றின் சுமை முதலில் ஊரின் எளிய மக்கள்மீதே விழும்.

வருகை ஊருக்கு நன்மையாகவும் அமையலாம். 1980களின் இறுதியிலிருந்து, மொட்டையாகிக் கிடந்த மலைச்சரிவுகளில் மரக்கன்று நடும் முயற்சிகளில் உள்ளூராரோடு வெளிநாட்டினரும் தோள் கொடுத்தனர். கன்று நட்டவர் அது வேர்பிடிக்கிறதா என்று பார்க்க மறு ஆண்டும் வருவார். கோடையில் தீப்பிடிக்காமல் காக்கவும் துணைநிற்பார். ஓர் ஊரைப் பார்ப்பதற்கும் ஓர் ஊருக்குப் பொறுப்பேற்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

நாம் செல்லும்போது

தமிழரும் உலகைச் சுற்றிப் பார்த்து எழுதியுள்ளனர். காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்திற்காக நாடு நாடாகப் பயணம் செய்த ஏ.கே. செட்டியார், 1940இல் ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்னும் நூலை வெளியிட்டார். தமிழ்நாட்டைப் பற்றிய பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்ததும் அவரே. அயல்நாட்டைக் கண்டவர், தம் நாட்டைப் பிறர் எவ்வாறு கண்டனர் என்பதையும் அறிய விரும்பினார். பயணிக்கு வேண்டிய முழுமை இதுவே.

நாளை மேற்படிப்பிற்காகவோ பணிக்காகவோ நீங்களும் வேறொரு நாட்டின் சிற்றூருக்குச் செல்லக்கூடும். அங்கே தேவாலயக் கோபுரமும் பனி மூடிய வயலும் உங்கள் கண்ணைக் கவரும். அவற்றைப் படமெடுப்பீர்கள். அதற்கு அப்பால், அவ்வூரின் பால்காரர் எப்போது எழுகிறார், பள்ளிப் பேருந்து எங்கே நிற்கிறது, சென்ற வெள்ளத்தில் எந்தத் தெரு மூழ்கியது என்பவற்றையும் கேட்டறிய வேண்டும். கேட்பதற்கு அவர்கள் மொழியில் சில சொற்களேனும் வேண்டும். வழிகாட்டியவரின் பெயரை எழுத்தில் மறவாமல் குறிக்க வேண்டும். திருவண்ணாமலையை எழுதியவர்களிடமிருந்து நாம் கற்கும் பாடம் இது; அவர்கள் எழுதியவற்றிலிருந்தும், எழுதாமல் விட்டவற்றிலிருந்தும் அதனைக் கற்கிறோம்.

நம் ஊரைப் பற்றிப் பிறர் எழுதியவை நமக்குக் கிடைத்த செல்வம். அவற்றை நன்றியோடு ஏற்போம். நான்கு வினாக்களோடு படிப்போம். கொப்பரை சுமந்தவரும் வழிகாட்டிய முன்ஷியும் மலையடிவாரத்துக் குடும்பமும் அவ்வேடுகளில் இல்லையென்றால், அவர்களை எழுதும் கடமை ஊரை அறிந்தவர்களுக்கு உரியது. பெருங்கௌசிகனார் வழியைச் சொன்னபோது அவ்வழியில் வாழ்ந்தவர்களையும் சேர்த்தே சொன்னார். அந்நிலத்தின் மாணவர்களும் அவ்வாறே எழுத வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரைப் பற்றி வெளியூரார் எழுதிய குறிப்பு ஒன்றைத் தேடிப் படித்து, அதில் இடம்பெறாத மூன்று செய்திகளைத் தொகுத்து எழுதுக.
2. முதன்முறை உங்கள் ஊருக்கு வரும் ஒருவருக்கு வழிகாட்டும் வகையில், ஆற்றுப்படை முறையில் ஒரு பக்க அளவில் உரைநடை எழுதுக.
3. சுற்றுலாப் பெருக்கத்தால் கோயில் நகரங்களுக்கு விளையும் நன்மைகளையும் சிக்கல்களையும் வகுப்பில் குழுவாகக் கலந்துரையாடுக.